பிரிக்கக் கூடாத மாத்திரை

என் அப்பா தச்சர். வாசல் கதவையே ஒற்றை ஆளாகத் தூக்கி மாட்டிவிடுவார். ஒரு மாத்திரையை விழுங்கச் சொன்னால் மட்டும் அவர் முகம் சுருங்கிப்போகும்.

அது சும்மா மாத்திரை இல்லை. அப்பாவுக்குப் புற்றுநோய். அதை விரட்டக் கொடுத்த கீமோ கேப்சூல். தினமும் அம்மாதான் எடுத்துக் கொடுப்பார். அன்று அம்மா வேலைக்குச் சீக்கிரமே கிளம்பிவிட்டதால் பொறுப்பு சித்தியிடம் வந்தது. சித்தியின் வயிற்றில் பாப்பா இருந்தது.

“நேத்தே தொண்டையில சிக்கிக்கிச்சு. இன்னிக்கு வேணாம். நாளைக்கு ரெண்டா போட்டுக்கறேன்” என்றார் அப்பா.

“இதுக்கா கவலை அத்தான்? பிரிச்சுத் தேன்ல கொட்டிக் கலக்கித் தரேன்” என்று சித்தி மாத்திரைப் புட்டியை எடுக்கப் போனார்.

“சித்தி, தொடாதீங்க.”

“எதுக்குடி?”

“மூடின மாத்திரையை எடுக்கவே அம்மா கையுறை போடுவாங்க. நீங்க பிரிச்சா தூள் பறக்காதா? உள்ள பாப்பா வேற இருக்கு.”

“பெரிய டாக்டர்தான் போ” என்றார் சித்தி. ஆனாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த மருத்துவமனை மருந்தக எண்ணுக்குப் போன் செய்தேன். எனக்கும் உள்ளூர பயம்தான். மருந்து கொடுக்கும் அக்கா எடுத்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

“பிரிச்சிட்டீங்களா?” அவர் குரல் மாறியது.

“இல்லைங்க.”

“நல்லவேளை. பிரிக்கக் கூடாது, மெல்லவும் கூடாது. சித்தி தொடவே வேணாம். அப்பாவே எடுத்துப் போட்டுட்டு கை கழுவட்டும். நாளைக்கு ரெண்டா சேர்த்துப் போடுற பேச்சே வேணாம். ஆமா, எப்படி விழுங்குறார்?”

“கூரையில ஓட்டை தேடுற மாதிரி அண்ணாந்துக்குவார்.”

அக்கா சிரித்துவிட்டார். “அதான் சங்கதி. கேப்சூல் தண்ணியில மிதக்கும். அண்ணாந்தா முன்னாடி வந்துடும். வாயில தண்ணியோட லேசாக் குனிஞ்சு விழுங்கச் சொல்லு. அப்பவும் முடியலைன்னா உடனே கூப்பிடு, டாக்டரைக் கேட்டுச் சொல்றேன்.”

அப்பா மாத்திரையை வாயில் போட்டார். தண்ணீர் குடித்தார். குனிந்தார். மடக்கென்று ஒரு சத்தம்.

“போயிடுச்சாப்பா?”

அவர் சந்தேகமாகத் தலையாட்டினார்.

“வாயைத் திறங்க.”

சமர்த்தாகத் திறந்தார். நாக்கைத் தூக்கச் சொல்லி அடியிலும் எட்டிப் பார்த்தேன். காலி.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சித்தி நாற்காலியில் உட்கார்ந்து வயிற்றைத் தடவிக்கொண்டே சிரித்தார்.

“இவ்வளவுதானா?” என்றார் அப்பா, கையைக் கழுவியபடி. “இனிமே யாரும் பக்கத்துல நிக்க வேணாம். நானே போட்டுக்குவேன்.”

“போட்டுக்குங்க” என்றேன். “ஆனா வாயை நான்தான் பார்ப்பேன்.”