மூன்று நாட்டுச் சூளை

போன் அலறியது.

விருத்தாசலம் காவல் நிலையத்தில் காலை எட்டரை மணிக்குப் போன் அலறினால் பெரும்பாலும் ஆடு காணோம், இல்லாவிட்டால் பைக் காணோம். இன்ஸ்பெக்டர் பானுமதி இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு ரிசீவரை எடுத்தாள்.

"மேடம், மூணு சூளையைக் காணோம்."

"என்னது?"

"பீங்கான் சுடுற கேஸ் சூளை மேடம். ஒவ்வொண்ணும் ரெண்டு டன்னு. மூணும் போயிடுச்சு."

பேசியவன் பிரபாகரன். பீங்கான் தொழிற்பேட்டைக்குப் பின்னால் மகளிர் அறக்கட்டளை நடத்துகிறவன். இருபது பெண்கள் அங்கே பொம்மையும் டீ கப்பும் செய்கிறார்கள். சூளைகள் வெளிநாட்டு உதவி. ஒன்று டென்மார்க் கொடுத்தது, ஒன்று ஜப்பான், ஒன்று கனடா.

இதுவரை அந்த மூன்று நாட்டுக்காரர்களும் தனித்தனியாக, வேறு வேறு மாதத்தில்தான் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். இன்று பதினோரு மணிக்கு ஒரே வேனில் வருகிறார்கள்! இனிமேல் கைகோத்து உதவுவது, ஒன்றாக வந்து பார்ப்பது, மூன்று அறிக்கைக்குப் பதில் ஒரே அறிக்கை வாங்குவது என்று முடிவு செய்திருக்கிறார்களாம்.

இந்த நேரம் பார்த்தா திருட்டுப் போக வேண்டும்?

"திருடன் ரெடியா இருக்கான் மேடம். நீங்க வந்தாப் போதும்" என்றான் பிரபாகரன்.

போலீஸ் வேலையை இவ்வளவு சுலபமாக்கித் தருகிற ஆட்களைப் பானுமதிக்கு எப்போதுமே பிடிக்காது.

ஒன்பது மணிக்கு ஜீப் ஷெட் வாசலில் நின்றது. ஏட்டு சாமிதுரையோடு உள்ளே நுழைந்தாள்.

நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தார் வாட்ச்மேன் சுப்புராயன். கம்மாபுரத்துக்காரர். நிலம் கைவிட்டுப் போன பிறகு இந்த வேலைக்கு வந்தவர். ராத்திரியிலும் விடுமுறை நாளிலும் பூட்டிய ஷெட்டுக்கு வெளியே காவல், உள்ளே சூளை எத்தனை என்று பார்த்ததில்லை. அவர் மனைவி கொளஞ்சி, அங்கேயே பொம்மை செய்கிறவள், சற்றுத் தள்ளி நின்றிருந்தாள். நெற்றியில் பெரிய பொட்டு. கண்ணில் தண்ணீர்.

சுப்புராயன் சொன்னது இது. நேற்று வெள்ளிக்கிழமை, வார விடுமுறை. மதியம் பிரபாகரன் ஒரு பார்சலைக் கையில் கொடுத்து ஸ்ரீமுஷ்ணத்துக்கு அனுப்பினான். அங்கே அப்படி ஒரு விலாசமே இல்லை. தேடி அலுத்துப்போய் பஸ் பிடித்துத் திரும்பினால் ஷெட் காலி.

"பச்சைப் பொய்" என்றான் பிரபாகரன். "நேத்து மூணு மணிக்கு இவன் கிரேன்காரன்கிட்ட பேசிட்டிருந்ததை என் கண்ணால பாத்தேன் மேடம். அப்ப ஏன்னு தோணல. கம்ப்ளெயின்ட் எழுதிக் கையெழுத்தும் போட்டுட்டேன்."

பானுமதி காகிதத்தை வாங்கிக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். கூரைத் தகரத்தில் ஒரே ஒரு ஓட்டை.

"மூணு சூளைக்கும் ஒரே புகைபோக்கியா?"

"பொதுவா ஒண்ணு போதும் மேடம்..."

பதில் எண்ணெய் தடவியது போல் வழுக்கிக்கொண்டு வந்தது.

சாமிதுரை அவள் காதருகே வந்தார். பல லட்ச ரூபாய்ச் சொத்து, கண்ணால் கண்ட சாட்சி, எழுத்து மூலம் புகார். சாயங்காலத்துக்குள் சுப்புராயனை ரிமாண்ட் பண்ணியே ஆக வேண்டும் என்றார். அவருக்கு ரகசியம் பேச வராது. கொளஞ்சிக்கு அத்தனையும் கேட்டுவிட்டது.

பானுமதி அவளைத் தனியே அழைத்துப் போனாள்.

"இங்க சூளை எத்தனைம்மா?"

கொளஞ்சி தரையைப் பார்த்தாள். "தெரியாதுங்க."

"நாலு வருஷமா வேலை செய்யிற எடத்துல சூளை எத்தனைன்னு தெரியாதா?"



தெரியாமல் என்ன! நன்றாகவே தெரியும். ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும், அதற்கும் அடுத்தது வரும். கடைசியில் இரண்டு வருடமாகப் புருஷனிடம்கூடச் சொல்லாமல் மறைத்த ஒரு விஷயத்தில் போய் நிற்கும். புருஷன் ஜெயிலுக்குப் போவதா, அது வெளியே வருவதா? பாவம், அவள் வாய் திறக்க முடியாமல் தவித்தாள்.

அதற்குள் மற்றப் பெண்கள் வந்துவிட்டார்கள்.

நீலச் சேலையில் ஏழு பேர். சாம்பல் நிறத்தில் ஐந்து பேர். மஞ்சளில் எட்டுப் பேர், கொளஞ்சியையும் சேர்த்து. பிரபாகரனின் முகம் சட்டென்று வெளிறியது.

சேலைக்கு விளக்கம் கேட்டாள் பானுமதி. மூன்று நாட்டுக்கும் மூன்று தனிக் குழு, மொத்தம் அறுபது பெண்கள், இன்று சிலர்தான் வந்திருக்கிறார்கள் என்றான் அவன். பானுமதி மஞ்சள் சேலை கட்டிய அன்புக்கரசியிடம் திரும்பினாள்.

"நீ எந்தக் குழும்மா?"

"எந்த நாட்டுக்காரங்க வர்றப்பங்க?" என்று வெள்ளந்தியாகக் கேட்டாள் அன்புக்கரசி.

பின்னே? நீலம் கட்டினால் டென்மார்க், சாம்பல் என்றால் ஜப்பான், மஞ்சள் என்றால் கனடா. யார் வருகிறார்களோ அவர்கள் கொடுத்த சேலை. மூன்று பேரும் ஒரே நாளில் வந்தால் எதைக் கட்டுவது என்று யாரும் சொல்லவில்லை. கைக்குக் கிடைத்ததைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

பிரபாகரன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

வேன் வந்து நின்றது.

டென்மார்க் அம்மா, கனடா இளைஞர், ஜப்பான் பெரியவர். கூடவே மொழிபெயர்க்க இளமதி என்ற சென்னைப் பெண்.

டென்மார்க் அம்மா நேரே வந்து கொளஞ்சியின் கையைப் பிடித்துக்கொண்டார். எங்கள் குழுத் தலைவி என்றார். கனடாக்காரர் குறுக்கிட்டு, இவர் எங்கள் குழுவின் பொருளாளர் ஆயிற்றே என்றார். ஜப்பான் பெரியவர் குனிந்து வணங்கினார். நிமிர்ந்தவர் அவள் பொட்டையும் தாலியையும் பார்த்து முகமெல்லாம் மலர்ந்து ஏதோ சொன்னார்.

இளமதி மொழிபெயர்த்தாள். "உங்களுக்கு மறுபடியும் கல்யாணம் ஆனதுல இவருக்கு ரொம்ப சந்தோஷமாம்."



"ஆமாமா, போன மாசந்தான் ஆச்சு" என்று முந்திக்கொண்டான் பிரபாகரன்.

சுப்புராயன் மெல்லத் தலை தூக்கினார். "மறுபடியுமா...?"

அவ்வளவுதான். கொளஞ்சி உடைந்துபோனாள்.

"எனக்கு ஒரே கல்யாணந்தாங்க. இதோ உக்காந்திருக்காரே, இவருதான் என் வூட்டுக்காரரு. இந்தப் பெரியவரு வர்றப்ப மட்டும் பொட்டை அழிச்சிட்டு, தாலியக் கழட்டி வெச்சிட்டு வரச் சொன்னாங்க. புருஷன் இல்லாதவங்களுக்குத்தான் அந்த நாட்டு உதவியாம். மாட்டேன்னா வேலை இல்லைன்னாங்க. இருபது பேரும் அழிச்சோம். இவருகிட்ட எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுச் சொல்லுவேன்? ஆனா திருடன்னு இவரைப் புடிச்சிக்கிட்டுப் போனா என்னால பாத்துக்கிட்டு நிக்க முடியாதுங்க. சூளை ஒண்ணுதான். அதுல மாட்டுற போர்டுதான் மூணு."

இளமதி தடுமாறித் தடுமாறி மொழிபெயர்த்தாள். ஜப்பான் பெரியவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு பையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து மேஜையில் வைத்தார். மற்ற இருவரும் தங்கள் ஃபைல்களைப் பக்கத்தில் வைத்தார்கள்.

நாலு வருடத்தில் அந்த மூன்று ஃபைல்களும் ஒரே மேஜையில் சேர்ந்தது அதுதான் முதல் தடவை. இதை அப்போதே செய்திருந்தால் எத்தனை பெண்களின் பொட்டு தப்பியிருக்கும்!

மூன்று போட்டோவிலும் ஒரே சூளை. கதவின் இடது மூலையில் அதே நசுங்கல். போர்டு மட்டும் வேறு.

பிரபாகரன் ஒரு மாதிரி சிரித்தான். "சூளைக் கணக்குல கொஞ்சம் முன்ன பின்ன இருக்கலாம் மேடம். அதுக்காக இவன் திருடன் இல்லைன்னு ஆயிடுமா? நான் கண்ணால பாத்த சாட்சி."

நியாயமான கேள்விதான். பானுமதி ஜப்பான் ஃபைலை நிதானமாகப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் கை நின்றது. அவள் உதட்டில் மெல்லச் சிரிப்பு வந்தது.

"சுப்புராயன், கம்மாபுரம். ரெண்டு வருஷம் முன்னாடி மாரடைப்பு. இறப்புச் சான்றிதழ் நகல். கீழ 'சரிபார்த்தேன்'னு உங்க கையெழுத்து." புகார்க் காகிதத்தை அதன் பக்கத்தில் வைத்தாள். "இதுலயும் அதே கையெழுத்து. செத்து ரெண்டு வருஷம் ஆனவரு நேத்து மூணு மணிக்கு கிரேன்காரன்கிட்ட பேசினாருன்னு எழுதியிருக்கீங்க. ரெண்டுல எது பொய்யின்னு நீங்களே சொல்லிடுங்க."

 பிரபாகரன் சொல்லவேண்டிய அவசியமே வரவில்லை. போனும் கையுமாக வெளியே போயிருந்த சாமிதுரை திரும்பி வந்தார். கிரேன்காரர் பழமலை ஒப்புக்கொண்டுவிட்டாராம். நேற்று கிரேனுக்கு வாடகை கொடுத்தது பிரபாகரன். சூளை, நல்லூரில் அவன் மச்சானின் முந்திரிக் கிடங்கில் பத்திரமாக இருக்கிறது. மூவரும் சேர்ந்து வந்தால் மூன்று சூளையைக் காட்ட முடியாது. இருக்கிற ஒன்றையும் ஒளித்துவிட்டால் மூன்றும் திருட்டுப் போனதாகக் கதை கட்டிவிடலாம். நல்ல மூளைதான், என்ன செய்வது!

அவனை ஜீப்பில் ஏற்றினார்கள்.

வெளிநாட்டுக்காரர்கள் அரை மணி நேரம் தங்களுக்குள் பேசினார்கள். சூளை திரும்பி வரும், நிர்வாகம் பெண்கள் கையில் இருக்கும், நிபந்தனை மூவருக்கும் ஒன்றே என்று இளமதி அறிவித்தாள். கொளஞ்சி ஒன்றே ஒன்று கேட்டாள். ஒவ்வொரு வருகைக்கும் சூளையை அணைத்து மூன்று நாள் வேலை கெடுகிறது, ஆகவே வருடத்துக்கு ஒரு தடவை சேர்ந்து வந்தால் போதும் என்றாள். மூன்று தலைகளும் சேர்ந்தே ஆடின.

சுப்புராயன் மனைவியிடம் வந்தார். அவள் முகத்தை ஏறிட்டுப் பார்த்தார். 

"அழுது அழுது பொட்டெல்லாம் கலைஞ்சிருக்குது பாரு. தொடச்சிட்டு நல்லா வெச்சிக்க" என்றார்.

பிறகு ஜீப்பருகே போய்த் தயங்கினார். "நான் வூட்டுக்குப் போலாங்களா? இல்ல, ஸ்டேஷனுக்கு வரணுங்களா?"

பானுமதி இறப்புச் சான்றிதழை மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

"போயிட்டு வாங்க. செத்தவங்களை ரிமாண்ட் பண்ற அளவுக்கு எனக்கு அதிகாரம் கிடையாது."