தேதி தாண்டிய பலவேசம்

செத்துப்போக வேண்டிய நாளுக்கு மறுநாள் காலையில் பலவேசத்துக்குப் பசித்தது. லேசான பசி இல்லை. ஒரு லாரி லோடு இறக்கிவிட்டு வந்தவனுக்கு எடுக்கிற பசி. கண்ணைத் திறக்காமலே தோள்பட்டையைத் தடவிப் பார்த்தான். வலி இல்லை. வருடக்கணக்கில் உப்பு மூட்டை சுமந்த தோள். அது வலிக்காமல் கிடந்ததுதான் அவனுக்குக் கிலியை உண்டாக்கியது.

முற்றத்தில் நேற்றைய எச்சில் இலைகளை நாய் இழுத்துக்கொண்டிருந்தது. ஆயுள்மானி வந்தபிறகு தூத்துக்குடிச் சுமைக்காரர்களிடம் இப்படி ஒரு வழக்கம்: கருமாதிச் சாப்பாட்டைச் சாகிறவனே, சாகிற அன்றைக்கு, கூட உட்கார்ந்து போட்டுவிட வேண்டும். பலவேசம் கணினிக் கணக்கில் சேர்த்திருந்த எண்காசில் மிச்சமிருந்ததை வழித்து ஆட்டுக்கறி போட்டான். நல்லி எலும்பாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள், இனி எவன் போடுவான் என்று கேலி வேறு. வந்தவர்கள் பொழுது சாயும்வரை இருந்தார்கள். ஒன்றும் நடக்காததால் கொஞ்சம் சங்கடத்தோடு கலைந்தார்கள்.

ஆயுள்மானி ஒரு சொட்டு ரத்தத்தையும் முதுகெலும்பையும் பார்த்து, உடம்பு நாளுக்கு எவ்வளவு தேய்கிறது என்று கணக்கிட்டுச் சாவு தேதியைச் சொல்லும். அது வந்த வருடமே முதுமைப் பொதுநிதிக்குச் சனி பிடித்தது. அதுவரை உழைக்கிறவர்கள் எல்லோரும் கூலியில் ஒரு பங்கு போட, ஓய்ந்துபோனவர்களும் அடிபட்டுக் கிடந்தவர்களும் அதில் சாப்பிட்டார்கள். சுமைக்காரன் ஐம்பத்தெட்டில் போவான், குமாஸ்தா தொண்ணூறு வரை இருப்பான் என்று தேதியோடு தெரிந்ததும் சுமைக்காரர்கள் கொதித்துப்போய்ப் பங்கைப் பிரித்துத் தரச் சொன்னார்கள். துறைமுக வாசலில் அதிகம் கத்தியவன் பலவேசம்தான். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தவன் கிழவனாகிச் சாப்பிட நான் எதற்கு முதுகொடிய வேண்டும் என்று கேட்டான். அதில் நியாயமும் இருந்தது.

அவனோடு மூட்டைக்கு மறுமுனை பிடித்த மிக்கேல் மட்டும் நிதியைவிட்டு வெளியேறவில்லை.

"எவன் எப்ப போவான்னு தெரியாததுனாலதாம்லே எல்லாரும் போட்டோம். தெரிஞ்சபிறகு அது நிதி இல்ல, சூதாட்டம்."

"உன் தேதி எண்பத்திநாலு. நீ பேசத்தாம்லே செய்வ," என்றான் பலவேசம். மிக்கேல் குடும்பத்து எலும்பு அப்படி. சுமை அதை அரிக்காது.

பலவேசம் பங்கைப் பிரித்து எண்காசாக்கினான். தேதிவரை நாளுக்கு இவ்வளவு சொட்டட்டும் என்று பதிந்துவிட்டு, ஐம்பத்தொன்றிலேயே மூட்டையைக் கீழே போட்டான். எண்காசு அவனை ஏமாற்றவில்லை. ஒரு நாளும் தவறாமல் சொட்டியது. அவனைப் போலச் சீக்கிரம் சாகிறவர்கள் எல்லோரும் போய்விட, பொதுநிதியில் நெடுநாள் வாழ்கிறவர்களே மிஞ்சினார்கள். சில வருடத்தில் அது வற்றிப்போனது.

இன்று காலை எழுந்த பசியோடு மானிக் கூண்டுக்குள் போய் விரலை நீட்டினான். மானி நிதானமாகச் சொன்னது. பழைய தேதி சுமை தூக்குகிற உடம்புக்கு. சுமை நின்றதால் தேய்மானமும் குறைந்துவிட்டது. இப்படியே இருந்தால் எண்பத்தொன்று. முதலில் தேதி சொன்ன அன்றைக்கும் இதைச் சொல்லியிருந்தது. தேதி காதில் விழுந்தபின் மீதியை எவனும் கேட்கவில்லை.

"மறுபடி தூக்கினா?"

"ஒன்றரை ஆண்டு."

எண்காசு நேற்றோடு தீர்ந்திருந்ததால் துறைமுகக் கிடங்குக்குப் போனான்; இயந்திரத்தைவிட ஆள் மலிவான இடம். அங்கே மிக்கேல்தான் இப்போது மேஸ்திரி. பலவேசத்தை மேலும் கீழும் பார்த்தான்.

"செத்துருவேன்னு நீ சொன்னதை நம்பி நேத்து ரெண்டு தடவை கறி வாங்கித் தின்னேன்லே."

"பசிக்குது மிக்கேலு."

மிக்கேல் ஒரு சாக்கை எடுத்து வீசினான். இப்போதைய ஆட்கள் மானிப் பக்கமே போவதில்லை, தேதி தெரியாதவர்களாகச் சேர்ந்து புது நிதி தொடங்கியிருக்கிறார்கள் என்றான். தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னான் பலவேசம். தேதி பார்த்தவனைச் சேர்க்க முடியாது என்றான் மிக்கேல்.

"ஆனா கூலில பாதி இதுக்குப் போடணும். பழைய நிதிக்கு வரவேண்டிய பாக்கியெல்லாம் இப்ப இதுக்குத்தான். கொக்கி விழுந்து காலு நசுங்கி பதினாலு மாசம் கெடந்தியே. உனக்கும் உன் பிள்ளைகளுக்கும் நிதிதான் சோறு போட்டுது. பங்கு பிரிக்கையில அதைக் கழிக்கலியேலே நீ."

பாதிக் கூலியில் அந்தக் கடன் அடைய மூன்று வருடம் ஆகும். பலவேசத்திடம் ஒன்றரை வருடம் இருந்தது. சாக்கை மடித்து முதுகில் போட்டுக் குனிந்தான். முதல் மூட்டை விழுந்ததும் தோள் வலித்தது.

பதினாலு மாதச் சோறு. அது பாக்கி.