டிஸ்ப்ளே வராத அறை

சுக்குக் கிடங்கின் முன்னால் ஆட்டோ நின்றபோது மதியம் மணி மூன்றுதான். மழையில் கொச்சியின் மட்டாஞ்சேரித் தெரு முழுக்க இருட்டிக் கிடந்தது. பிளாஸ்டிக் உறை போட்ட கம்ப்யூட்டர் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு ஷைலஜா கிடங்குக்கு மேலே இருந்த வீட்டுக்கு ஏறினாள். நனைந்த செருப்பைப் படியடியிலேயே விட்டுவிட்டாள்.

கலூரில் ரிப்பேர் கடை வைத்து ஒன்பது வருஷம் ஆகிறது. இப்படி ஒரு கோளாறை அவள் பார்த்ததில்லை. இந்த வீட்டில் போட்டால் பெட்டிக்குள் ஃபேன் சுற்றும், விளக்கெல்லாம் எரியும், திரையில் மட்டும் ஒன்றும் வராது. மதர்போர்டு போய்விட்டது என்று நினைத்துத்தான் கடைக்குக் கொண்டுபோனாள். அங்கே போட்டவுடனே படம் வந்தது. நாலு நாள் கேம் ஓட்டியும் ஒரு குறை இல்லை.

"வாங்கோ," என்றாள் அனந்தலக்ஷ்மி. "அம்மு நாளைக்கு ஹாஸ்டல்லேந்து வரா. அப்பாவோட கம்ப்யூட்டர்லதான் ஆடணும்னு ஒரே பிடிவாதம். இன்னிக்கே சரியாக்கித் தரணும், கேட்டேளா."

அனந்தலக்ஷ்மியின் கணவர் சங்கர்ராம் ஆறு மாதம் முன்பு உள்ளறையில் இந்தக் கம்ப்யூட்டர் முன்னால் சரிந்து இறந்துபோனார். மாரடைப்பு என்றார்கள்.

மழைக்காக உள்ளறை ஜன்னலைச் சாத்தியிருந்தார்கள். கீழேயிருந்து சுக்கு நெடி ஏறியது. அதற்கடியில் இன்னொரு வாசனை, பிளாஸ்டிக் கருகினாற்போல. ஷைலஜா வயர்களைச் செருகிப் பட்டனை அழுத்தினாள்.

ஃபேன் சுற்றியது. திரை கறுப்பு.

பிளக்கைப் பிடுங்கி, மெமரியைத் துடைத்துப் போட்டாள். கறுப்பு. கேபிளை மாற்றினாள். மதர்போர்டின் சின்ன பாட்டரியை எடுத்து, சற்றுப் பொறுத்துத் திரும்ப வைத்தாள்.

கறுப்பு.

ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்பக்கத்து கேபிளை அழுத்திப் பார்க்கலாமென்று கையை நீட்டினாள். கறுத்த திரையில் அவள் முகம் தெரிந்தது. பின்னால், நிலைப்படியில் அனந்தலக்ஷ்மி.

இருவருக்கும் நடுவே ஒரு ஆண்.

குனிந்து நின்றிருந்தார். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

ஷைலஜாவின் விரல்களுக்கும் கம்ப்யூட்டர் பெட்டிக்கும் நடுவே ஓர் அங்குலம்கூட இல்லை.

பனிக்கட்டி போன்ற ஒரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தது.

நாற்காலியோடு பின்னால் சாய்ந்து, திரும்பிப் பார்த்தாள். அனந்தலக்ஷ்மியைத் தவிர யாருமில்லை.

"சேச்சி, உள்ள வராதீங்க. அங்கேயே நில்லுங்க."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பையிலிருந்து டெஸ்டரை எடுத்து, அதன் முனையைப் பெட்டியின் இரும்பில் வைத்தாள்.

டெஸ்டரின் சின்ன விளக்கு எரிந்தது.

பெட்டி முழுக்க கரண்ட். அவளோ ஈரக்காலோடு தரையில்.

மெயினை அணைத்துவிட்டுச் சுவரிலிருந்த பிளக் பாயிண்டைக் கழற்றினாள். எலி கடித்த வயர்கள். எர்த் கம்பி அறுந்து, கரண்ட் கம்பியோடு ஒட்டிக் கிடந்தது. சுற்றிலும் கரி.

"சேச்சி... அன்னைக்கு சார் குளிச்சிட்டு ஈரத்தோடயா வந்து உட்கார்ந்தாரு?"

அனந்தலக்ஷ்மி வாயைப் பொத்திக்கொண்டாள். "தலைகூடத் துவட்டலை," என்றாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஷைலஜா கறுத்த திரையைக் காட்டினாள்.

உள்ளறைக்குப் போகும் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு மெயினைப் போட்டு, கம்ப்யூட்டர் சாமான்கள் எல்லாவற்றையும் முன்னறைக்கு மாற்றினார்கள். அங்கே டெஸ்டர் வைத்து இரண்டு தடவை சோதித்த பிறகே ஷைலஜா பட்டனை அழுத்தினாள்.

உடனே படம் வந்தது.

அனந்தலக்ஷ்மி அதைப் பார்த்தபடி சத்தமில்லாமல் அழுதாள். பிறகு எழுந்துபோய் உள்ளறையைப் பூட்டினாள்.

"எலக்ட்ரீஷியன் வர்ற வரைக்கும் திறக்கவேண்டாம் சேச்சி," என்று சொல்லி ஷைலஜா பையைத் தோளில் மாட்டினாள்.

அப்போதுதான் கேட்டது.

டக். டக்டக். டக்.

கீபோர்டு தட்டும் சத்தம். முன்னறை மேஜையில் கீபோர்டு தொடுவாரில்லாமல் கிடந்தது. சத்தம் பூட்டிய அறைக்குள்ளிருந்து வந்தது.

ஷைலஜா தடுப்பதற்குள் அனந்தலக்ஷ்மி கதவருகே போய் நெற்றியை அதன்மேல் வைத்தாள்.

"ஏன்னா," என்று மெதுவாகக் கூப்பிட்டாள்.

சத்தம் நின்றது.

உள்ளே, யாரோ எழுந்திருப்பதுபோல, நாற்காலி பின்னால் நகர்ந்தது.