லியோனின் முறை

கதிரை நனைந்திருந்தது. மழை பெய்து மாதக்கணக்காகிவிட்டது, கூரையும் ஒழுகவில்லை. ஆனாலும் ட்றம்பெட்காரன் லியோன் இருந்து ஊதிய கதிரை மட்டும் சொட்டச் சொட்ட நனைந்து, உப்பும் அழுகிய பாசியும் மணத்தது. கனிசியஸ் சாரத் தலைப்பால் துடைத்தான். துடைக்கத் துடைக்க ஈரம் ஊறியது. சனியன், ஊறட்டும்.

குருநகர் ஜாஸ் கிளப் ஒருகாலம் யாழ்ப்பாணத்தையே ஆடவைத்தது. அளவெட்டித் தவில்காரர்கூட வந்து கனிசியஸின் ட்றம்ஸோடு மல்லுக்கு நின்றிருக்கிறார்கள். எண்பத்திமூன்றுக் கலவரத்துக்குப் பிறகு ஆட்கள் வெளிநாடு போனார்கள். தொண்ணூறில் சண்டை மூண்டு கரண்ட் போனது. தம்பி லியோன் நேவியின் தடையை மீறி மீன்பிடிக்கக் கடலுக்குப் போனான். தோணி மட்டும் கரைக்கு வந்தது. மிஞ்சியவன் கனிசியஸ். சனிக்கிழமை பின்னேரம் அவன் வாசிக்காவிட்டால் கிளப் செத்துப்போகும், அவ்வளவுதான்.

செத்தவனின் கதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பது கிளப்பின் வழக்கம். கனிசியஸ் திருப்பவில்லை. ஒவ்வொரு பாட்டிலும் லியோன் தனியாக ஊதும் முறை வரும்போது, பேர் சொல்லிக் கூப்பிட்டு இடம் விட்டான்.

வாசலில் மனைவி றோஸ் நின்றாள்.

"இஞ்சேருங்கோ, கதிரையைத் திருப்பி வையுங்கோ. அவனுக்குப் பூசையும் குடுத்தாச்சு. உப்பிடிக் கூப்பிட்டால் வந்து நிப்பான்."

"வரட்டும். உது அவன்ரை இடம். நேவிக்கும் குடுக்கமாட்டன், கடலுக்கும் குடுக்கமாட்டன்."

அவள் சிலுவை போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

ஜாம் போத்தல் விளக்கின் சுடர் சுவரில் வெறுங்கதிரைகளின் நிழல்களை நீட்டியும் குறுக்கியும் விளையாட, வெளியே அலை அடிக்கும் சத்தத்துக்கு மேலாகக் கனிசியஸ் தன் குச்சிகளை ஓட விட்டு, பாட்டின் நடுவுக்கு வந்து, வழக்கம்போலக் கூப்பிட்டான்.

"லியோன்."

இடம் விட்டான்.

யாரோ மூச்சிழுத்தார்கள். ஈரமான மூச்சு.

சுவரில் மாட்டியிருந்த லியோனின் ட்றம்பெட்டைக் காணவில்லை.

பிறகு அது ஊதியது. தொண்டைக்குள் தண்ணீர் கொப்பளிக்க, சுருதி பிசகாமல்.

கனிசியஸ் வாசலைப் பார்த்தான். ஓடலாம். ஓடினால் தாளம் நிற்கும்.

"ஊதடா," என்றான். "நான் எழும்பமாட்டன்."

கதிரையில் லியோன் இருந்தான். உதடுகளை மீன் தின்றிருந்தது. விரல்களில் பாதி எலும்பு. ட்றம்பெட்டின் வாயிலிருந்து கடல்நீர் கொட்டியது. தண்ணீர் கணுக்காலுக்கு ஏறியது. முழங்காலுக்கு. விளக்கு அணைந்தது. லியோன் நிறுத்தவில்லை.

தண்ணீர் நெஞ்சுக்கு வந்தபோது, கனிசியஸ் குச்சிகளைத் தலைக்குமேல் தூக்கி, ஒன்றோடொன்று அடித்துத் தாளத்தின் வேகத்தைக் கூட்டினான்.