பதினோரு கதவு திறக்கும்!

"ஐயோ...! யாராவது வாங்களேன்...!"

திருப்புலிவனத்தின் விடியலைக் கிழித்துக்கொண்டு போனது அந்த அலறல்.

ஞானசுந்தரியின் இடுப்பிலிருந்த குடம் நழுவியது. வரப்பில் உருண்டது. வாய்க்காலில் விழுந்து மிதந்தது.

அவள் காலடியில் கன்னியப்பன்!

மல்லாந்து கிடந்தான். பின்மண்டை பிளந்திருந்தது. ரத்தம் சேற்றோடு குழம்பிக் கறுத்துப் போயிருந்தது. திறந்திருந்த கண்கள், அணையப் போகும் விடிவெள்ளியை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தன...

நேற்றுச் சாயங்காலம் அவள் வீட்டில் கேழ்வரகுக் கூழ் குடித்துவிட்டுச் சிரித்தவன்!

மறுபடி அலறினாள். மூன்றாம் முறையும் அலறினாள்.

கூப்பிடு தூரம்கூட இல்லை. வரப்பு முடிகிற இடத்தில் இருபத்திரண்டு குடிசைகள். அவள் பிறந்து வளர்ந்த தெரு.

ஒரு கதவுகூடத் திறக்கவில்லை!

அப்போதுதான் அவள் கன்னியப்பனின் கால்களைப் பார்த்தாள்.

இரண்டு கட்டைவிரல்களும் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. கிழித்த வேட்டித் துணி. இறுக்கமான முடிச்சு. வீட்டில் செத்தவர்களுக்குக் கட்டுவது போல!

"இன்னா சுந்தரி... இன்னா ஆச்சு?"

மூச்சிரைக்க ஓடி வந்தார் மேஸ்திரி முனியன். அவள் புருஷன் தானியேலின் தாய்மாமன். அந்தத் தெரு ஆட்களை நடவுக்கும் அறுப்புக்கும் கூட்டிப் போகிறவர். கன்னியப்பனைப் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டார்.

"அடப்பாவி! பட்டணத்து ரவுடிங்க இங்கியே வந்துட்டானுங்களா!"

அழுதுகொண்டே, கையிலிருந்த ஓலைப்பாயை விரித்துப் பிணத்தை மூடினார்.

*

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நடந்தது இதுதான்.

கன்னியப்பன் அதே தெருக்காரன்; இப்போது பெரம்பூரில் ரயில் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் ஃபிட்டர். தானியேலுக்கும் அங்கே கலாசி வேலை, அதாவது எடுபிடி வேலை, வாங்கிவிட்டான். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் போய் நிற்க வேண்டும். தவறினால் வேலை இன்னொருவனுக்கு! அவனே ஒரு அறையும் பார்த்துச் சாவி கொண்டுவந்திருந்தான். சிவப்புக் கயிறு கோத்த பித்தளைச் சாவி. காட்டிவிட்டு மறுபடி மடியில் செருகிக்கொண்டான்.

அறை எந்தப் பேட்டையில் என்று சொல்வதற்குள், திண்ணையில் உட்கார்ந்திருந்த முனியன் தன் நோட்டைத் திறந்துவிட்டார்.

அந்த நோட்டு ஊர் அறிந்தது. பண்ணைக்காரர் வேதாசலம் வீட்டுப் பழைய பேப்பரிலிருந்து பட்டணத்துக் கொலை, கொள்ளை அத்தனையையும் வெட்டி, பேட்டை பேட்டையாக ஒட்டி வைத்திருந்தார். எவனாவது பட்டணம் போகிறேன் என்றால் போதும்... நோட்டு வெளியே வரும். போகிறவன் மூட்டையை அவிழ்த்துவிடுவான்.

"ராயபுரமா? இந்தா, கத்திக்குத்து! சூளையா? தாலி அறுப்பு! வியாசர்பாடியா? பாரு, பக்கம் பக்கமா கீது!"

"இல்ல நைனா, அயனாவரம்" என்றான் கன்னியப்பன்.

முனியன் எச்சில் தொட்டுப் புரட்டினார். புரட்டினார்... பட்டென்று மூடினார்.

"அயனாவரமா? அத்தப் பத்திக் கேக்கவே வாணாம்! வாயால சொல்ல முடியாது!"

தானியேல் முகம் வெளுத்துவிட்டது. ஞானசுந்தரிதான் விடவில்லை.

"அண்ணே, பேப்பர் கெடக்குது. தண்ணிக் கொழா எங்க கீது?"

"வாசல்லியே."

"தெருவுல வெளக்கு?"

"எதிர்லியே ஒரு கம்பம். ரவைக்கெல்லாம் எரியும்."

"எத்தினி குடித்தனம்?"

"ஒரே வாசலு, பதினோரு குடித்தனம். மூணு ஷிப்டு ஆளுங்க. எந்நேரமும் எவனாவது முழிச்சிக்கினு இருப்பான். பொம்பள ஒரு தபா கூவினா பதினோரு கதவு தொறக்கும்மா! இன்னும் ஆறு ரூம் காலியா கீது. நாளிக்கி நாலு குடும்பத்தக் கேக்கப் போறேன்."

அந்த நாளை அவனுக்கு வரவே இல்லை!

*

ஒன்பது மணிக்கு உத்திரமேரூரிலிருந்து சப்-இன்ஸ்பெக்டர் ஏகாம்பரம் சைக்கிளில் வந்து இறங்கினார். பாயின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

"மண்வெட்டி அடி. சாவி ஏதோ இருந்துச்சுன்னாங்களே, அது எங்க?"

"காணோங்கய்யா" என்றார் முனியன். "பட்டணத்துல இவனுக்கு ஆயிரம் பகை. பின்னாலியே வந்து போட்டுட்டு மொத பஸ்ல போயிட்டானுங்க. எல்லாம் என் நோட்டுலயே கீது, பாக்கறீங்களா?"

"அதான் சரி" என்று ஒரு குரல்.

வேதாசலம்! இன்னும் சூடேறாத வெயிலுக்கே குடை பிடித்தபடி நின்றார். நூறு காணிக்குச் சொந்தக்காரர்.

"டேய் தானியேல், இப்பவாச்சும் புத்தி வந்துச்சா? பட்டணத்துல கொலை விழுந்துகினே கீதுடா. இங்க இன்னா கொறைச்சல்? நடவு நேரத்துல ஓடறியே!"

தானியேல் தலையைக் குனிந்தான்.

"போவலீங்க ஆண்டே..."

ஞானசுந்தரிக்கு உச்சந்தலையில் தீப்பிடித்தது!

"இன்னா கொறைச்சலா? நான் சொல்றேங்கய்யா! விடிகாலைல மூணு தபா கூவினேன். இருவத்திரண்டு வூடு! எத்தினி கதவு தொறந்துது? கேளுங்க இவங்கள! அம்முலு, நீ தொறந்தியா? மங்கம்மாக்கா, நீ?"

கூட்டம் தரையைப் பார்த்தது.

"போன வருசம் களத்துல ஒரு பொண்ண உங்க ஆளு கையப் புடிச்சி இழுத்தானே, அது எந்தப் பேப்பர்ல வந்துது? இங்க நடக்கறதெல்லாம் பேப்பர்ல வராது. அதனால இங்க குத்தமே கெடையாது! அப்பிடித்தானே?"

"ஏ பொண்ணு! வாய அடக்கு!"

"அடக்கறேன். அதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு!" பாயின் கால்பக்கத்தை விலக்கினாள். "இன்ஸ்பெக்டரய்யா, இதப் பாருங்க. கால்கட்டு! பட்டணத்து ரவுடி கொன்னு போட்டுட்டு, கால்கட்டுக் கட்டிட்டா பஸ் ஏறுவான்?"

கூட்டத்தில் சலசலப்பு.

ஏகாம்பரம் சிரித்தார்.

"நல்ல மனசுக்கார ரவுடியா இருப்பான்!"

"கொலைச்சாவு செத்தவன் ஆவியா அலைவான்னுதான் காலக் கட்டறது. பஸ் ஏறிப் போறவனுக்கு அந்த ஆவி எங்க அலைஞ்சா இன்னா? நாளிக்கும் இதே வரப்புல நடக்க வேண்டியவன்தான் பயந்துகினு கட்டுவான்! இவனைக் கொன்னவன் இந்த ஊர்லதான் கீறான்!"

அவள் கண்கள் வேதாசலத்தின் மேல் போய் நின்றன.

வேதாசலம் குடையை மடக்கினார்.

"இன்னாத்துக்கு என்னைப் பாக்கறே? நேத்து மத்தியானத்துலருந்து காஞ்சிவரத்துல கல்யாணம். இப்பத்தான் வந்து எறங்கறேன். நூறு பேர் சாட்சி கீறான்! இன்ஸ்பெக்டர், இந்தக் கழுதைய அப்புறப்படுத்துங்க."

"போம்மா, போ" என்றார் ஏகாம்பரம். "துப்பறியற வேலைய எங்களுக்கு வுடு."

முனியன் அவள் தோளைத் தொட்டார்.

"வா சுந்தரி. பெரிய மனுசங்க கிட்ட இன்னா பேச்சு?"

அந்தக் கையை உதறினாள். குனிந்தாள். யாரும் எதிர்பாராத வேகத்தில் அந்த முடிச்சைப் பிடித்து...

அவிழ்த்தாள்!

"ஐயையோ! அவுக்காதே!" கூட்டமே கூவிற்று. பெண்கள் குழந்தைகளை இழுத்துக்கொண்டு ஓடினார்கள்.

"அவுத்துட்டேன்! கன்னியப்பண்ணே, உன் காலு சும்மா கீது! இத்தக் கட்டினவன் எவனோ, அவன் வூட்டு வாசல்ல போய் நில்லு! அவன் தூங்கக் கூடாது! சோறு எறங்கக் கூடாது!"

*

ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணி பஸ் உறுமிக்கொண்டு நின்றது.

ஞானசுந்தரி தகரப்பெட்டியோடு ஏறினாள். தனியாக! சாவி இல்லாவிட்டால் என்ன? பூட்டை உடைப்பாள். தொழிற்சாலை வாசலில் நின்று, புருஷனுக்கு ஒரு வாரம் தவணை கேட்டுக் கெஞ்சுவாள். இந்த ஊரில் மட்டும் இனி ஒரு விடியலைப் பார்க்க மாட்டாள்.

"சுந்தரி! சுந்தரி! நில்லு!"

துணி மூட்டையோடு ஓடி வந்தான் தானியேல். படியில் தொற்றினான். அவள் பக்கத்தில் உட்காரத் தைரியமில்லாமல் நின்றான்.

"இன்னா, ஆண்டை உத்தரவு குடுத்துட்டாரா?" என்றாள் சுருக்கென்று.

"நேத்து நீ எல்லாரையும் கேட்டியே, எத்தினி கதவு தொறந்துதுன்னு..." மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டான். "நானும் முழிச்சிக்கினுதான் இருந்தேன் சுந்தரி. உன் கொரல்னு தெரிஞ்சும் எந்திரிக்கலே. பயந்துட்டேன்."

அவள் அவனைப் பார்த்தாள். அறையலாம் போலிருந்தது. அறைந்தாலும் போதாது என்று தோன்றியது.

"ஒக்காரு" என்றாள் கடைசியில். "இதுக்குப் பதில் அயனாவரத்துல கேட்டுக்கறேன்."

பஸ் நகர்ந்தது. கண்டக்டர் முன் சீட்டில் குனிந்தார்.

"பெரியவரே, எங்க போவணும்?"

"மெட்ராஸ்... ஒண்ணு..."

அந்தக் குரல்!

ஞானசுந்தரி எழுந்தாள். முக்காடு போட்டு, ஜன்னலோரம் ஒடுங்கியிருந்த உருவத்தின் துண்டை வெடுக்கென்று இழுத்தாள்.

முனியன்!

ஒரே நாளில் பத்து வயது கூடியிருந்தது. கண்கள் கோவைப்பழம்.

"மாமா! கொலைகாரப் பட்டணத்துக்கா? நீயா?"

"ஒரு... ஒரு வேலையா..."

"தூங்கலியா மாமா? வாசல்ல எவனாச்சும் நின்னானா?"

முனியன் வெடுக்கென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நேற்றிலிருந்து அவளை உறுத்திக்கொண்டிருந்த ஏதோ ஒன்று, சட்டென்று இடத்தில் வந்து உட்கார்ந்தது.

"மாமா... கூவல் கேட்டு ஓடி வர்றவன் தடி எடுத்துகினு வருவான், அருவா எடுத்துகினு வருவான். நீ பாய் எடுத்துகினு வந்தே! மூடறதுக்குப் பொணம் கீதுன்னு உனுக்கு யார் சொன்னா?"

முனியன் துள்ளி எழுந்தார். படிக்குப் பாய்ந்தார்...

கடைசி சீட்டிலிருந்து ஒரு கால் நீண்டது!

முனியன் குப்புற விழுந்தார். மடியிலிருந்து ஏதோ தெறித்துக் கணீரென்று உருண்டது. சிவப்புக் கயிறு. பித்தளைச் சாவி!

"வண்டிய நிறுத்துப்பா" என்றபடி எழுந்தார் அந்தக் காலின் சொந்தக்காரர். லுங்கி, தலையில் முண்டாசு. முண்டாசை எடுத்தார்.

சப்-இன்ஸ்பெக்டர் ஏகாம்பரம்!

"நேத்து நீ சொன்னதுக்கு எல்லார் எதிர்லயும் சிரிச்சேன்ல? சிரிச்சிட்டு மனசுல எழுதிக்கினேம்மா. இந்த ஊர்ல வாழப் பயந்து எவன் மொத பஸ் ஏறறானோ, அவன்தான் என் ஆளுன்னு!"

முனியன் தரையிலேயே உட்கார்ந்து அழுதார். நிஜமான அழுகை.

"கொல்லணும்னு போவலீங்க... ஒரு ஆளு கொறைஞ்சாலும் மேஸ்திரி வேலை உனக்கில்லேன்னாரு ஆண்டை. இவன் நாலு குடும்பத்த இட்டுகினு போறேன்னான். வாணாம்டான்னேன். 'உன் பொய் நோட்ட வாய்க்கால்ல போடு'ன்னான். ராத்திரி மடை கட்டப் போன கையில மண்வெட்டி இருந்துச்சு... தெனம் அந்த வரப்புலதானே நான் போவணும். அதான் காலக் கட்டினேன். இவ அவுத்துட்டாளே! ரவைக்கெல்லாம் வாசல்லியே நின்னான்யா!"

"அந்த நோட்டுக்குப் பேப்பர் குடுத்தவரு வாசல்லயும் போய் நில்லுங்கய்யா" என்றாள் ஞானசுந்தரி. "நூறு சாட்சி வெச்சிருக்காராம். அவரு சொன்ன வார்த்தைக்கு இதோ ஒரு சாட்சி!"

"நிக்கறேன். இன்னிக்கே நிக்கறேன்."

ஏகாம்பரம் முனியனின் பையைக் கொட்டினார். அந்த நோட்டு விழுந்தது. ஞானசுந்தரி எடுத்தாள். எழுத்துக்கூட்டிப் புரட்டினாள். ராயபுரம்... சூளை... வியாசர்பாடி... ஒட்டி ஒட்டித் தடித்த பக்கங்கள்.

அயனாவரம்.

தலைப்பு மட்டும் இருந்தது. கீழே ஒன்றுமே இல்லை. வெறும் தாள்!

"அத்தினி பேட்டையையும் அலசிட்டு, அண்ணன் எங்களுக்குப் பாத்த அதே ரூமுல நீ போய்ப் படுத்துக்கலாம்னு கெளம்பினியா?" பல்லைக் கடித்தாள். நோட்டை இரண்டாகக் கிழித்தாள். மறுபடி கிழித்தாள். "பயம் எங்களுக்கு... பத்திரம் உனக்கா!"

"ஐயோம்மா, அது சாட்சிப் பொருள்!" ஏகாம்பரம் பதறித் துண்டுகளைப் பொறுக்கினார். "சாவியும் கோர்ட்டுக்குப் போவணும். நீங்க பூட்டை ஒடைச்சிக்குங்க. கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க."

கையில் விலங்கோடு முனியன் படியில் இறங்கினார். இறங்கியவர் திரும்பி, ஈனக் குரலில் கேட்டார்.

"ஐயா... என்னை எங்க இட்டுகினு போறீங்க? அங்க... அவன் வர மாட்டானே?"

"கவலையே படாதே!" என்றார் ஏகாம்பரம். "சப் ஜெயிலு! சுத்தி உயரமா மதிலு, வாசல்ல துப்பாக்கியோட காவலு, வாடகை கெடையாது. இந்த ஜில்லாவுலயே திருட்டு பயம் இல்லாத பேட்டை அது ஒண்ணுதான்யா... திருடன் பூரா ஏற்கனவே உள்ள குடிவந்துட்டான்!"