கரைமேல் இரண்டு சைக்கிள்

பாதை அவ்வளவு சுத்தமாக இருந்ததுதான் சுராயாவுக்கு முதலில் உறுத்தியது.

பழவேற்காடு ஏரிக்குக் குறுக்கே ஆறு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மண்கரை. என்றைக்கோ ரோடு போடுவதற்காகக் கொட்டிய செம்மண் சரளை, மேலே தார் விழாமலே போய், வருஷக்கணக்கில் மழையிலும் வெயிலிலும் இறுகி, சைக்கிள் சக்கரத்துக்கென்றே செய்து வைத்ததுபோல் கிடந்தது. திருப்பாலைவனம் பக்கத்துக் குப்பத்திலிருந்து கடலோரக் குப்பத்துக்கு ரோட்டில் சுற்றிப் போனால் இருபது கிலோமீட்டர். இப்படிப் போனால் ஆறுதான். ஆனாலும் கரைமேல் ஒரு டூவீலர் தடம்கூட இல்லை. ஆட்டுப்புழுக்கை இல்லை. பீடித்துண்டு, பாக்கு உறை, அறுந்த வலைத்துண்டு, மனுஷர்கள் நடமாடும் இடத்தில் கிடக்கும் எதுவுமே இல்லை.

வண்டியே வராத பாதைதான் அவளுக்கு வேண்டியிருந்தது. பழவேற்காட்டுக்குப் பூநாரை பார்க்க வருகிறவர்களைப் படகில் கூட்டிப் போவதுதான் அவளுக்கும் அவள் கணவன் ஆதிலுக்கும் இரண்டு வருஷமாகத் தொழில். இந்த முறை சென்னையிலிருந்து ஒரு சைக்கிள் குழு கேட்டிருந்தது: லாரி, பஸ் எதுவும் குறுக்கே வராத மண்பாதை, முப்பது பேர், வருகிற ஞாயிற்றுக்கிழமை. துறைமுகம் பக்கம் போய்ப் பார்த்தாள், லாரிப் புழுதி. வடக்கே போய்ப் பார்த்தாள், வழி முழுக்க வேலிக்காத்தான் முள். அப்புறம்தான் போன் மேப்பில் இந்தக் கோடு கண்ணில் பட்டது. தனியாக ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுகிறேன் என்று கிளம்பினாள். ஆதில் வேனை எடுத்துக்கொண்டு, ஆறு வயது மகள் சஃபியாவோடு, கரையின் மறுமுனையில் பனைமரங்களுக்குக் கீழே காத்திருப்பதாக ஏற்பாடு.

கரை தொடங்கும் இடத்தில் கலைவாணி என்ற பெண் இறால் காயவைத்துக்கொண்டிருந்தாள். பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக் கொடுத்தவள், சுராயா போகும் திசையைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். தங்கள் ஆட்கள் அக்கரைக்குப் போக வேண்டுமானால் படகில்தான் போவார்கள், கரையில் கால் வைப்பதில்லை என்றாள்.

"ஒண்டியா போவாதம்மா. தொணைக்கு வரும்."

நாயைச் சொல்கிறாள் என்று சுராயா எடுத்துக்கொண்டாள்.

முதல் இரண்டு கிலோமீட்டர் சுகமாகவே போனது. இரண்டு பக்கமும் முழங்கால் ஆழத் தண்ணீர், சாயங்கால வெயிலில் பித்தளைத் தட்டுபோல் அசையாமல் கிடந்தது. கடலிலிருந்து வந்த எதிர்க்காற்றில் உப்பும் பாசியும் தூரத்துக் கருவாட்டு வாசனையும் கலந்திருந்தன. சக்கரத்துக்கடியில் சரளை ஒரே சீராக நொறுநொறுத்துக்கொண்டு வர, அந்தச் சத்தத்திலேயே கண் சொக்கும்போல் இருந்தது. பறவைகள் மட்டும் இல்லை. தெற்கே வெகுதூரத்தில் பூநாரைக் கூட்டம் ஒரு வெளுத்த கோடாகத் தெரிந்தது. கரைக்குப் பக்கத்தில் ஒரு கொக்குகூட இல்லை.

போட்டோ எடுக்கலாம் என்று பிரேக் பிடித்தாள். அவள் சக்கரம் நின்றது. சரளைச் சத்தம் நிற்கவில்லை. பின்னால் அரைச் சுற்று உருண்டு, அப்புறம் நின்றது. அதன் பிறகு, தரையில் ஒரு கால் ஊன்றுவதுபோல் மெல்லிய ஓசை.

திரும்பினாள். செங்கோடாகக் கரை, அதன் முனையில் இறங்கும் சூரியன். வேறு யாரும் இல்லை.

எதிரொலியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். வெட்டவெளியில், தண்ணீருக்கு நடுவில் எங்கிருந்து எதிரொலி வரும் என்று மனசு கேட்டது. பெடலை மிதித்தாள். அதுவும் புறப்பட்டது. காற்று முகத்தில் அடிக்கிறது. பின்னால் எழும் சத்தத்தை அது பின்னாலேயே அள்ளிக்கொண்டு போயிருக்க வேண்டும். ஆனால் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. அவள் வேகம் கூட்டினால் அதுவும் கூட்டியது. அவள் மிதிப்பதை விட்டால், ஒரு கணம் கழித்து அதுவும் விட்டது. அந்த ஒரு கணம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது.

நான்காவது கிலோமீட்டரில் இரண்டு சத்தமும் ஒன்றாகிவிட்டன.

ஐந்தாவதும் கடந்த பிறகுதான் நிழலைப் பார்த்தாள். வெயில் முதுகில் விழ, அவள் நிழல் முன்னால் நெடுநெடுவென்று நீண்டிருந்தது. ஹெல்மெட், தோள், சக்கரங்கள். அதற்கு இடப்பக்கம் இன்னொரு ஹெல்மெட். இன்னொரு தோள்.

இடப்பக்கம் பார்த்தாள். தண்ணீர்தான்.

ஹேண்டிலில் மாட்டியிருந்த போன் அடித்தது. ஆதில். தட்டினாள்.

"சுரா, கூட யாரு வர்றா?"

"யாருமில்லையே மச்சான்."

"ரெண்டு சைக்கிள் தெரியுதே. ஒண்ணு முன்னால, ஒண்ணு பின்னாலயே ஒட்டிக்கினு. வெயில் கண்ணுல குத்துது, மூஞ்சி தெரியல."

அவள் வாய் திறப்பதற்குள் இடது தோளை உரசுவதுபோல் ஏதோ கடந்து போனது. குளிர்ச்சி. கவிழ்த்துப் போட்ட படகுக்கு அடியில் இருக்குமே, அந்தக் கருஞ்சேற்று வாடை. நிழல்களில் ஒன்று முன்னால் நகர்ந்தது. நகர்ந்த நிழலுக்கு மேல், மெல்ல மெல்ல, ஒரு சைக்கிள் தெரிய ஆரம்பித்தது.

மஞ்சள் ஹெல்மெட். நீல குர்தா. தோளில் ஊக்கு குத்திய வெள்ளைத் துப்பட்டா. தன் முதுகை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை, பார்த்ததும் தெரிந்துவிட்டது. அத்தனை காற்றிலும் அந்தத் துப்பட்டா அசையவில்லை.

"மச்சான்," என்றாள். "வண்டிய எடு. சஃபியாவ கூட்டிக்கினு கெளம்பிடு. முன்னால வர்றது நானில்ல."

"இன்னா? காத்து சத்தம்தான் கேக்குது."

"முன்னால வர்றது நானில்ல!"

"தெரியுது, தெரியுது. கை காட்டுறல்ல, பாத்துட்டேன்."

முன்னால் போனது ஒரு கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தது.

சுராயா எழுந்து நின்று மிதித்தாள். காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. தொடை எரிந்தது. பனைமரங்கள் தெரிந்தன. வெள்ளை வேன் தெரிந்தது. பக்கத்தில் ஆதில், அவன் இடுப்புயரத்துக்குக் கீழே ஒரு சிவப்புப் புள்ளி. சஃபியாவின் பாவாடை. முன்னால் போனது மூச்சு வாங்காமல், குலுங்காமல் போய்க்கொண்டிருந்தது. இடைவெளி கூடியது. இருநூறு அடி. ஐந்நூறு.

அது இறங்கியது. சைக்கிளைப் பனையில் சாய்த்தது. சிவப்புப் புள்ளி அதை நோக்கி ஓடியது.

"சஃபியா!" என்று கத்தினாள். காற்று அதைப் பின்னால் எறிந்தது.

போனில் எல்லாம் கேட்டது. துல்லியமாக.

"உம்மா, உன் கை ஏன் சில்லுனு இருக்கு?"

"தண்ணியில கழுவினேன், கண்ணு." சுராயாவின் குரல். அவள் பேசாத சுராயாவின் குரல்.

"பின்னால யாரு அது? இவ்ளோ வேகமா வருது," என்றான் ஆதில்.

"தெரியல மச்சான். வழியில சேந்துக்கினு விடவே இல்ல. பயமா இருக்கு, நீ வண்டிய எடு."

"இல்ல, நா இல்ல, ஆதில், நா இங்க இருக்கேன்," என்று போனுக்குள் அலறினாள் சுராயா.

"உன் போன்லேர்ந்து இன்னும் கால் ஓடுது பாரு. ஒரே எரைச்சல்."

"பாக்கெட்ல அழுந்தியிருக்கும். வை."

வைத்துவிட்டான்.

திரும்ப அடித்தாள். மணி போனது. போய்க்கொண்டே இருந்தது. கதவுகள் சாத்தப்படும் சத்தம் கரைமேல் தாமதமாக வந்து சேர்ந்தது. இன்னும் நூறு அடி. எண்பது. இன்ஜின் உறுமியது. வேன் பின்வாங்கி, திரும்பி, தார்ரோட்டைப் பார்த்து நின்றது. ஆதில் கண்ணாடியில் பார்க்க மாட்டானா என்று ஹேண்டிலை விட்டுவிட்டு, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினாள். ஹேண்டில் முறுக்கியது. சரளையில் விழுந்தாள். உள்ளங்கை கிழிந்தது. எழுந்தாள். ஓடினாள்.

பின்கண்ணாடியில் சஃபியா. சீட்டில் மண்டியிட்டுத் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

குழந்தை அவளைப் பார்த்தது. ஓடி வருகிற அம்மாவைப் பார்த்தது. தனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தது. மறுபடியும் வெளியே பார்த்தது. முகம் மாறியது. புரிந்துவிட்டது அதற்கு. வாய் திறந்தது, உம்மா என்று. இரண்டு சின்னக் கைகளும் கண்ணாடியில் அடித்தன. அடித்தன.

வேன் நகர்ந்தது.

உள்ளே இருட்டிலிருந்து ஒரு கை வந்தது. முழங்கைவரை கருஞ்சேறு சொட்டும் கை. அவசரப்படாமல், ஒரு தாயின் பதமான மென்மையோடு, அது சஃபியாவின் கண்களைப் பொத்தியது.