கொடுக்காத துண்டு

இனோகுமா தாத்தாவுக்குக் கொடுக்க வேண்டிய துண்டை நான் கொடுக்கவில்லை. நடந்த எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம்.

எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு ஹாலோ பிளாக் சுவர் இருந்தது. பாதி எங்களுடையது, பாதி அவருடையது. போன வருட நிலநடுக்கத்தில் அது அவர் பக்கமாகச் சாய்ந்துவிட்டது. இடித்துவிட்டு இடுப்பளவு வேலி போடலாம் என்று அப்பாவும் தாத்தாவும் கோடையிலேயே பேசி முடித்திருந்தார்கள். என்றைக்கு இடிப்பது என்பதுதான் முடிவாகாமல் இருந்தது.

எங்கள் ஊரில் வீட்டு வேலை தொடங்கும் முன் அக்கம்பக்கத்தில் சொல்லிவிட வேண்டும். எதிரே மூன்று வீடு, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. வீட்டுக்கு ஒரு முகம் துடைக்கும் துண்டு மரியாதைக்காகக் கொடுப்பது வழக்கம், மொத்தம் ஐந்து. ஒவ்வொரு துண்டையும் வெள்ளைத் தாளில் சுற்றி, எங்கள் குடும்பப் பெயரை எழுதி, வேலை நடக்கும் நாளைக் குறித்த கடிதத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். சனிக்கிழமை காலை அம்மா நான்கு வீடுகளுக்குப் போய்வந்தாள். இனோகுமா தாத்தா வீட்டில் இல்லை.

"சிகுசா, சாயங்காலம் அவர் வீட்ல லைட் எரிஞ்சதும் இதைக் கொடுத்துட்டு வந்துடு. திங்கக்கிழமை இடிக்கிறாங்கன்னு வாயாலயும் சொல்லணும்" என்றாள் அம்மா.

எனக்கு அவரைக் கண்டால் பயம். கோடை விடுமுறையில் நான் அந்தச் சுவரில் பந்து உதைத்தபோது, சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்து, "இது சுவரு. கோல் போஸ்ட் இல்ல" என்று சொன்னார். கத்தவில்லை. அதனால் இன்னும் பயமாக இருந்தது.

அன்று மாலை அவர் வாசல்வரை போனேன். காலிங் பெல்லின் மேல் விரலை வைத்தேன். உள்ளே அவர் யாரையோ பயங்கரமாகத் திட்டிக்கொண்டிருந்தார். கையெல்லாம் வெண்ணெய் தடவியிருக்கா என்று கேட்டார். நான் விரலை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். துண்டை என் பழைய கால்பந்து ஷூ பெட்டிக்குள் திணித்தேன். நாளை கொடுக்கலாம் என்று நினைத்தேன்.

"கொடுத்துட்டியா?" என்று அம்மா கேட்டாள்.

"ம்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மழை. நான் போகவில்லை.

திங்கள் மதியம் பள்ளியிலிருந்து வந்தபோது சுவர் இல்லை. அவர் தோட்டம் முழுவதும் தெரிந்தது. சுவரை ஒட்டி ஒன்பது சாமந்தித் தொட்டிகள் இருந்திருக்கின்றன. இடிக்க வந்தவர்களின் மேஸ்திரி செகவா சான் அவற்றைப் பார்த்திருக்கிறார். ஆனால் பக்கத்து வீட்டில் சொல்லியாகிவிட்டது என்று அம்மா உறுதியாகச் சொன்னதால், தாத்தா வேண்டுமென்றேதான் அங்கே விட்டிருக்கிறார் என்று நினைத்து, தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு இடித்திருக்கிறார். ஒரு கல் தவறி அந்தப் பக்கம் விழுந்துவிட்டது.

எட்டுத் தொட்டிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. உடைந்தது பெரிய தொட்டி. ஒரே செடியில் மூன்று தண்டு, மூன்று வெள்ளைப் பூ, ஒவ்வொன்றும் சோற்றுக் கிண்ணம் அளவு. நவம்பர் முதல் தேதி நடக்கும் சாமந்திக் கண்காட்சிக்காக ஏப்ரலிலிருந்து அவர் வளர்த்தது. கண்காட்சிக்குப் பத்து நாள்தான் இருந்தது.

தாத்தா மருத்துவமனைக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தார். செகவா சான் மண்ணில் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். இன்றைக்கு என்று தன்னிடம் யாருமே சொல்லவில்லையே என்றார் தாத்தா.

அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "சனிக்கிழமையே எங்க பொண்ணு நேர்ல வந்து துண்டைக் கொடுத்தாளே."

தாத்தா என் பக்கம் திரும்பினார். "நீ வந்தியாம்மா?"

நான் என் காலணியைப் பார்த்தேன். இடது காலில் நாடா அவிழ்ந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அப்ப வந்திருப்ப" என்றார் அவர் மெதுவாக. "நான்தான் மறந்துட்டேன் போல. இப்பல்லாம் அப்படித்தான் ஆகுது." பிறகு அவர் எங்களிடம் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார். செகவா சானிடமும் கேட்டார்.

பூவையும் இழந்துவிட்டு மன்னிப்பும் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

அதன்பின் மூன்று நாள் அவர் அந்தத் துண்டைத் தேடினார். சுவர் இல்லாததால் எனக்கு எல்லாம் தெரிந்தது. அலமாரி இழுப்பறைகளை வெளித் தாழ்வாரத்தில் கொண்டுவந்து கவிழ்த்தார். மெத்தையை உதறினார். குப்பைப் பையைக்கூட அவிழ்த்துப் பார்த்தார். கண்ணாடிக் கதவில் சின்னச் சின்னத் தாள்கள் முளைத்தன. "சாவி." "இரவு மாத்திரை." "கேஸ்." நடுவில் பெரிய எழுத்தில், "துண்டு எங்கே?"

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். மறுநாளும் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிடச் சொல்வது கடினமாக இருந்தது. சோறு இறங்கவில்லை. எனக்குச் சளி பிடித்திருக்கிறது என்று அம்மா இஞ்சி போட்டுக் கொதிக்கவைத்துக் கொடுத்தாள்.

வியாழக்கிழமை மாலை அவருடைய மகள் கசுயே காரில் வந்தார். பேசியதெல்லாம் என் அறை ஜன்னல்வரை கேட்டது.

"போன மாசம் கேஸை அணைக்காமப் போனீங்க. இப்ப துண்டு. இனிமே உங்களைத் தனியா விட முடியாதுப்பா. எங்க வீட்டுக்கு வந்துடுங்க."

தாத்தா செடிகளைப் பற்றிக் கேட்டார். பால்கனியில் இரண்டு தொட்டி வைக்க இடம் இருக்கிறது என்றார் மகள்.



"சரி" என்றார் தாத்தா.

நான் ஷூ பெட்டியைத் திறந்தேன். துண்டு கசங்கியிருந்தது. தாள் கிழிந்திருந்தது. எடுத்துக்கொண்டு ஓடினேன். வாசல் வழியாகச் சுற்றிப் போகவில்லை. சுவர் இருந்த இடத்தைத் தாண்டினேன்.

தாழ்வாரத்தில் அவர் முன்னால் துண்டை வைத்தேன். "நான் கொடுக்கவே இல்ல, தாத்தா. நீங்க மறக்கல. என்கிட்டதான் இருந்துச்சு."

அவர் துண்டையே பார்த்தார். கிழிந்த தாளில் இருந்த எங்கள் பெயரைப் படித்தார். திங்கட்கிழமை என்று எழுதியிருந்த கடிதத்தையும் படித்தார்.

"அன்னைக்கு நீ வரவே இல்லையா?"

"வாசல் வரைக்கும் வந்தேன். பெல் அடிக்கல. உள்ள யாரையோ திட்டிட்டிருந்தீங்க. கையில வெண்ணெயான்னு."

கசுயேதான் முதலில் புரிந்துகொண்டார். "பேஸ்பால்" என்றார். "டிவியில பந்தைக் கோட்டை விட்டவனைத் திட்டியிருப்பார். அதுக்கு இன்னும் மருந்து கண்டுபிடிக்கல."

தாத்தா சிரிக்கவில்லை. மகளிடம், "கேட்டியா? நான் மறக்கல" என்றார். கொஞ்சம் கழித்து இன்னொரு முறை சொன்னார். இந்த முறை அவருக்கே சொல்லிக்கொண்டார்.

பிறகு என்னிடம், "இந்த மூணு நாளும் நான் தேடுனதைப் பாத்தியா?" என்று கேட்டார்.

"பாத்தேன்."

"பாத்துட்டும் சும்மா இருந்த."

"ம்" என்றேன். அதே "ம்"தான். இந்த முறை அது உண்மை.

பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. எழுந்துபோய்க் கதவில் இருந்த தாள்களை ஒவ்வொன்றாகக் கிழித்தார். "துண்டு எங்கே?" முதலில் போனது. "சாவி" போனது. "இரவு மாத்திரை" போனது. கடைசித் தாளின் முன் நின்று யோசித்தார்.

"கேஸ் இருக்கட்டும்" என்றார். "அதை நெஜமாவே மறந்தேன்."

கசுயே அன்று அவரை அழைத்துப் போகவில்லை. நான் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா என்னைத் திட்டினாள். பிறகு, தானே போயிருக்க வேண்டும் என்று தன்னையும் திட்டிக்கொண்டாள். தாத்தாவிடம் ஒரு முறை, செகவா சானிடம் ஒரு முறை என்று இருவரும் போய்த் தலைகுனிந்து நின்றோம். செகவா சான் மட்டும் உடனே சிரித்துவிட்டார்.

கண்காட்சிக்குத் தாத்தா ஒரு மஞ்சள் தொட்டியைக் கொண்டுபோனார். அதற்குப் பரிசு எதுவும் கிடைக்கவில்லை. வெள்ளைச் செடியின் வேரில் குளிர்காலத்தில் தளிர் வரும், அதிலிருந்து மறுபடி வளர்க்கலாம் என்றார். நான் தினமும் போய்ப் பார்க்கிறேன். இன்னும் வரவில்லை.

புது வேலி வந்துவிட்டது. அந்தத் துண்டை அவர் தலையில் கட்டிக்கொண்டுதான் தோட்டத்தில் வேலை செய்கிறார். துவைத்ததும் வேலியில் காயப்போடுகிறார். அதற்கு முன் ஒரு முறை முகர்ந்து பார்த்துவிட்டு, எனக்குக் கேட்கும்படி சொல்கிறார்:

"எத்தனை தடவை துவைச்சாலும் இந்த ஷூ நாத்தம் போக மாட்டேங்குதே."